ஆங்கிலத்தில் முற்று முன்னால் நிற்கும்

வெர்ப் என்றால் என்ன என்று யாரைக் கேட்டாலும், எட்டாவது படிக்கிற பையனோ எம்.காம். முடித்தவரோ, 'ஆக்‌ஷன் வேர்ட் சார்' என்று ஒரே பதில்தான் வருகிறது. ஓடுவது, குதிப்பது, சாப்பிடுவது எல்லாம் வெர்ப். புத்தகத்தில் ஒரு பையன் பந்தை உதைக்கிற படம் இருக்கும், கீழே 'கிக்' என்று போட்டிருக்கும். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு அது போதும், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு விளக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு கல்லூரியும் முடித்து வேலைக்கும் சேர்ந்து, நாலு வரி மெயில் எழுத உட்கார்ந்தால் அரை மணி நேரம் விழிக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு எரிச்சல்.

'ஆபரேஷன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சி.எம்.சி. ஆஸ்பத்திரி இருக்கிற வேலூரில் இருந்துகொண்டு இதைவிடப் பெரிய செயல் எதைச் சொல்வது? டாக்டர், நர்ஸ், மயக்க மருந்து, வெளியே பெஞ்சில் காத்திருக்கிற மொத்தக் குடும்பம். ஆனால் அது வெர்ப் இல்லை, நவுன். மறுபக்கம் 'நோ' (தெரிந்திருப்பது), 'ஹேவ்', 'பிலாங்', 'இஸ்' எல்லாம் வெர்ப். இவற்றில் யார் என்ன செய்கிறார்கள்? ஒன்றும் செய்யவில்லை. சும்மா இருக்கிறார்கள். அப்புறம் எப்படி அது ஆக்‌ஷன் வேர்ட்?

இதற்கு நம் இலக்கணத்தில் எப்போதோ தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். வினை வேற்றுமை உருபை ஏற்காது, காலம் காட்டும். தொல்காப்பியத்தில் வினையியல் தொடங்குவதே இதைச் சொல்லித்தான். செயலைக் குறிக்கும் என்று அங்கே தொடங்கவில்லை, காலத்தோடு தோன்றும் என்றுதான் தொடங்குகிறது. 'ஆபரேஷனுக்கு', 'ஆபரேஷனை' என்று உருபு ஒட்டுகிறது, ஆகவே பெயர். 'இஸ்' என்பது 'வாஸ்' ஆகிறது, காலம் மாறுகிறது, ஆகவே வினை. பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கண வகுப்பில் தூங்கினாலும் இந்த அளவுக்காவது காதில் விழுந்திருக்கும். அதை ஆங்கில வகுப்புக்கு யாரும் எடுத்துக்கொண்டு போவதில்லை, இரண்டும் வேறு வேறு பீரியட் என்பதால்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கொஞ்சம் பேருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வேலூர் வெயிலில் சாயந்திரம் ஆறு மணிக்குமேல்தான் மாடியில் கால் வைக்க முடியும். காசு வாங்குவதில்லை, அதனால் யாரும் ஒழுங்காக வருவதும் இல்லை. காந்தி ரோட்டில் லாட்ஜ் ரிசப்ஷனில் இருக்கிற ஒரு தம்பி, மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்யும் ஒருவர், நர்சிங் படிக்கிற பெண்கள் சிலர், ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் போடுகிற வேலையில் இருக்கும் ஒரு பெண். எல்லாருக்கும் வார்த்தைகள் நிறையத் தெரியும். லாட்ஜ் தம்பிக்கு இந்தியும் வங்காளமும்கூட வரும். சிக்கல் வார்த்தையில் இல்லை, வெர்ப் எங்கே நிற்கிறது, அங்கே நின்று என்ன வேலை செய்கிறது என்பதில்தான்.

முதலில் பயனிலையிலிருந்து தொடங்குவேன். தமிழில் பயனிலை வினையாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 'அவர் டாக்டர்', 'இது காட்பாடி', 'எங்க அப்பா ரிட்டயர்டு'. முடிந்தது வாக்கியம். பெயர்ப் பயனிலை என்று அதற்கு அழகாகப் பெயரே உண்டு. ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது. அங்கே பயனிலை என்றாலே வினை இருந்தாக வேண்டும், சொல்வதற்கு வினையே இல்லாத இடத்திலும் ஒரு 'இஸ்' கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதனால்தான் 'ஹி டாக்டர்', 'மை ஃபாதர் ரிட்டயர்டு' என்று நம் வாயில் இயல்பாக வருகிறது. தமிழ் மூளை அங்கே எதுவும் குறைவதாகவே உணர்வதில்லை.

இதில் ஒரு வேடிக்கை. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வீட்டில் உருது பேசி வளர்ந்தவர்கள் இந்த இடத்தில் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை, ஏனென்றால் உருதுவில் 'வோ டாக்டர் ஹை' என்று அந்த 'ஹை' ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் கல்கத்தாவிலிருந்து சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் நம்மைப் போலவேதான், 'மை ஹஸ்பண்ட் ஹார்ட் பேஷண்ட்' என்பார்கள். வங்காள மொழியிலும் நிகழ்காலத்தில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். லாட்ஜ் தம்பியும் வங்காளப் பயணியும் 'இஸ்' இல்லாத ஆங்கிலத்தில் ரூம் வாடகை பேசி முடித்துவிடுகிறார்கள், இருவருக்கும் எந்தக் குழப்பமும் இல்லை. நல்ல விஷயம்தான், பேச்சுக்கு அது போதும். எழுத்தில்தான் உதைக்கும்.

சரி, இப்போது முக்கியமான இடம். இதற்காகத்தான் இந்தப் பதிவே.

நம் இலக்கணத்தில் முற்று, எச்சம் என்று இரண்டு உண்டு. 'வந்தான்' முற்று. 'வந்து' எச்சம், அதைச் சொல்லிவிட்டு நிறுத்தினால் கேட்கிறவர் 'வந்து?' என்று கேட்பார். காலம், யார், ஒருவரா பலரா என்ற மொத்தச் சுமையும் முற்றின் தலையில். தமிழில் வினைகள் வரிசையாகச் சேரும்போது இந்த முற்று எங்கே நிற்கும்? கடைசியில். 'வந்துகொண்டிருந்தான்' என்பதில் 'வந்துகொண்டு' வெறும் எச்சம், 'இருந்தான்' முற்று. எங்கள் ஊர்ப் பேச்சில் 'வந்துகினு இருந்தான்' என்போம், அதிலும் அப்படியே. ஆங்கிலத்தில் 'ஹி வாஸ் கமிங்'. 'கமிங்'தான் நம்முடைய 'வந்துகொண்டு', 'வாஸ்'தான் நம்முடைய 'இருந்தான்'. அதே இரண்டு துண்டு, வரிசை மட்டும் தலைகீழ். முற்று முன்னால் நிற்கிறது.

இது ஏதோ ஒரு வாக்கியத்தில் தற்செயலாகப் பொருந்தியது என்று நினைக்க வேண்டாம். 'வந்திருக்கிறான்' என்பதைப் பாருங்கள், 'ஹி ஹாஸ் கம்'. 'வரலாம்' என்றால் 'மே கம்'. 'வர முடியும்' என்றால் 'கேன் கம்'. 'வர வேண்டும்' என்றால் 'மஸ்ட் கம்'. ஒவ்வொன்றிலும் நமக்குக் கடைசியில் இருப்பது அவர்களுக்கு முதலில் இருக்கிறது. இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றால் நீளமான ஒன்றைப் பிடியுங்கள்: 'போய்க்கொண்டிருந்திருக்கலாம்'. வெட்டினால் போய்க்கொண்டு, இருந்து, இருக்க, லாம். ஆங்கிலத்தில் 'மைட் ஹேவ் பீன் கோயிங்'. இப்போது பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். லாம் என்பது மைட், இருக்க என்பது ஹேவ், இருந்து என்பது பீன், போய்க்கொண்டு என்பது கோயிங். ஒரு துண்டுகூட மிச்சமில்லாமல் கண்ணாடியில் பார்த்ததுபோல் பொருந்துகிறது. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு மொழிக் குடும்பங்கள். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டும்போதெல்லாம் எனக்கே ஒரு சந்தோஷம் வரும், மாணவர்களுக்கு வருகிறதோ இல்லையோ.

ஒரு வித்தியாசம் மட்டும் கவனிக்க வேண்டும். 'வந்துகொண்டிருக்கிறான்', 'வந்திருக்கிறான்' இரண்டுக்கும் நமக்கு ஒரே 'இரு'தான். அவர்களோ முதலாவதற்கு 'இஸ்', இரண்டாவதற்கு 'ஹாஸ்' என்று ஆளை மாற்றுகிறார்கள். 'இருக்கிறான்' என்றதும் கை தானாக 'இஸ்' எழுதப் போகும், அங்கே ஒரு நொடி நிறுத்திப் பார்க்க வேண்டும்.

முற்று முன்னால், அதுவும் ஒன்றே ஒன்று என்பது மனதில் பதிந்துவிட்டால் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர்களில் தனித்தனி விதியாக ஒப்பிக்க வைக்கிற பல விஷயங்கள் ஒரே விஷயமாகிவிடும். 'ஐ டிட் நாட் வென்ட்' ஏன் தப்பு? தாலுகா ஆபீசில் ஒரு சர்டிஃபிகேட்டுக்கு நாலு தாள் இணைத்துக் கொடுத்தாலும் சீல் விழுவது ஒரு தாளில்தான். இங்கே காலம் என்கிற சீல் 'டிட்' மேல் குத்தியாகிவிட்டது, அதனால் அடுத்த தாளான 'கோ' மேல் மறுபடி குத்தக் கூடாது. 'டஸ் ஹி கோஸ்' தப்பு, அந்த 'எஸ்' ஏற்கெனவே 'டஸ்' மேல் இருக்கிறது. 'ஹி கேன் கோஸ்' தப்பு, 'கேன்' எப்போதும் வெறுமையாகவே நிற்கும், ஆனால் முற்று அதுதான், பின்னால் வருகிற 'கோ'வுக்கு எதையும் சுமக்கிற வேலை இல்லை. 'நாட்' எங்கே வரும்? முற்றை ஒட்டி, அதற்கு அடுத்து. கேள்வி கேட்க எதை முன்னால் தள்ள வேண்டும்? அந்த முற்றைத்தான். 'ஹி வாஸ் கமிங்', 'வாஸ் ஹி கமிங்'. நமக்கு 'வந்தானா' என்று கடைசியில் ஓர் 'ஆ' ஒட்டினால் போதும். பாருங்கள், அதுவும் முற்றின் மேல்தான் ஒட்டுகிறது.

முன்னால் தள்ளுவதற்குத் துணைவினை எதுவும் இல்லையென்றால்தான் 'டூ' வருகிறது. 'யூ நோ' என்ற வாக்கியத்தில் இருப்பது ஒரே வினை. பழைய ஆங்கிலத்தில் அதையே தூக்கி முன்னால் வைத்து 'நோ யூ?' என்று கேட்டார்கள், மறுப்பதற்கு 'ஐ நோ நாட்' என்றார்கள். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இது மெல்ல மாறி, அசல் வினையை அசைக்காமல் 'டூ' என்று ஒன்றைக் கொண்டுவந்து முற்று வேலைக்கு வைப்பது வழக்கமாகிவிட்டது. அந்த 'டூ'வுக்குத் தனியாகப் பொருள் எதுவும் இல்லை. சுமக்க மட்டும் வந்த ஆள்.

இந்த எதிர்மறை விஷயத்தில் நமக்குக் கூடுதலாக ஒரு குழப்பம் இருக்கிறது. தமிழில் 'போகவில்லை' என்பதில் காலம் தெரியாது. 'நேற்று போகவில்லை', 'இன்றைக்குப் போகவில்லை', இரண்டும் ஒன்றுதான். யார் என்பதும் தெரியாது, நான் போகவில்லை, அவள் போகவில்லை, அவர்கள் போகவில்லை. உடன்பாட்டில் போனேன், போனாள், போனார்கள் என்று அவ்வளவு விவரம் தருகிற மொழி, இல்லை என்றதும் எல்லாவற்றையும் உதறிவிடுகிறது. ஆங்கிலம் இல்லை என்று சொல்லும்போதும் காலத்தை விடுவதில்லை, 'டோன்ட்' வேறு, 'டிட்ன்ட்' வேறு. அதனால் நேற்று நடந்தது என்று தெரிந்துகொண்டு நாம் பதற்றத்தில் கண்ணில் படுகிற வினைகளுக்கெல்லாம் இறந்தகாலம் போட்டுவிடுகிறோம்.

இதற்கு நேரெதிரான தப்பு ஒன்று உண்டு, அதையும் அடிக்கடி பார்க்கலாம். தமிழில் 'காலையில் எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பஸ் ஏறி ஆற்காடு போனான்' என்று ஒரே முற்றை வைத்து ஒரு நாளையே சொல்லி முடிக்கலாம். நாலு எச்சம், ஒரு முற்று. அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் 'ஹி கெட் அப், டேக் பாத், ஈட் அண்ட் வென்ட் டு ஆற்காடு' என்று எழுதி, கடைசி வினைக்கு மட்டும் இறந்தகாலம் கொடுக்கிறார்கள். தமிழ்க் கணக்குப்படி அது ரொம்பச் சரி! ஆனால் ஆங்கிலத்தில் இப்படி 'அண்ட்' போட்டு அடுக்கினால் ஒவ்வொன்றும் தனி முற்று, ஒவ்வொன்றுக்கும் தனியாகக் காலம் வேண்டும். 'காட்', 'டுக்', 'ஏட்', 'வென்ட்'. மேலே ஒரு சீல் போதும் என்று சொன்னது, ஒரே வினைக்குள் துணைவினைகள் சேர்ந்து நிற்கிறபோதுதான்.

யார் என்று காட்டுவதில் ஆங்கில வினை பரம ஏழை. 'வந்தேன்' என்று ஒரு சொல்லைச் சொன்னால் போதும், நான் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. 'கேம்' என்று மட்டும் சொன்னால் வந்தது யார்? நானா, அவளா, மாடா? எல்லாருக்கும் அதே 'கேம்'. ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் வினைகளுக்கு விகுதிகள் இருந்தன, எல்லாம் தேய்ந்து, நிகழ்காலத்தில் அந்த ஒற்றை 'எஸ்' மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் ஆங்கிலத்தில் எழுவாயை விடவே முடியாது. மழைக்குக்கூட 'இட் இஸ் ரெய்னிங்' என்று ஓர் 'இட்' வேண்டும், அந்த 'இட்' யார் என்று தேடினால் யாரும் இல்லை. மரியாதையும் கிடையாது. வா, வாங்க, வாருங்கள் எல்லாமே 'கம்'. பெரிய டாக்டரைப் பார்த்து 'கம் சார்' என்று சொல்ல நர்சிங் பெண்களுக்கு வாய் கூசுகிறது. நியாயம்தான். அந்த மரியாதையை ஆங்கிலக்காரர்கள் 'குட் யூ', 'வுட் யூ' என்று மறுபடி அந்த முன்வரிசை வினையில்தான் வைத்திருக்கிறார்கள்.

இனி ஜுரம். 'ஐ ஆம் ஹேவிங் ஃபீவர்' என்று சொல்லாத ஆள் நம் ஊரில் உண்டா? டாக்டர்களே சொல்கிறார்கள். 'எனக்கு ஜுரமாக இருக்கிறது' என்பதில் இப்போது, இந்த நிமிடம் என்ற தொனி இருக்கிறதல்லவா, அதனால் அந்த 'இங்'. ஆங்கிலத்தில் நடந்துகொண்டிருக்கும் செயலுக்குத்தான் 'இங்', நிலைக்கு அல்ல. தெரிந்திருப்பது, சொந்தமாக இருப்பது, பிடித்திருப்பது எல்லாம் நிலை. 'ஐ ஹேவ் ஃபீவர்', 'ஐ நோ'. 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் நாம் தொடங்குகிற வாக்கியங்களில், எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும் போன்றவற்றில், ஆங்கில வினை பெரும்பாலும் இந்த நிலை வகையாகத்தான் இருக்கும். ஒரு விதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் நல்ல எச்சரிக்கை மணி. 'எனக்கு' என்று மனதில் வந்தால் 'இங்' போடுவதற்கு முன் யோசியுங்கள். பழைய ஆங்கிலத்திலும் இந்த 'எனக்கு' இருந்தது, 'மீதிங்க்ஸ்' என்பார்கள், 'எனக்குத் தோன்றுகிறது' என்பது அப்படியே. பிறகு கைவிட்டுவிட்டார்கள். என்னைக் கேட்டால் 'ஹேவிங் ஃபீவர்' ஒரு குற்றமே இல்லை, இந்தியா முழுக்கப் புரிகிறது. வெளிநாட்டு வேலைக்காக ஓ.இ.டி. என்கிற ஆங்கிலத் தேர்வு எழுதப்போகிற நர்சிங் பெண்கள் மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளட்டும்.

ஷூ கம்பெனிப் பெண்ணின் பிரச்சினை வேறு. 'சாம்பிள் நேற்றே அனுப்பியாச்சு' என்பதை 'தி சாம்பிள்ஸ் ஹேவ் சென்ட் எஸ்டர்டே' என்று எழுதியிருந்தார். ஜெர்மனியில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு, சாம்பிள்கள் எதையோ யாருக்கோ அனுப்பிவிட்டன என்றுதான் படும், எதை என்று தேடுவார். நம்முடைய 'ஆச்சு' இருக்கிறதே, அது அபாரமான சாமான். அனுப்பியது யார் என்று சொல்லாமலேயே வேலை முடிந்தது என்று சொல்லிவிடுகிறது, மேனேஜர் மறந்திருந்தாலும் பேர் வெளியே வராது. ஆங்கிலத்தில் ஆளை மறைக்க வேண்டுமென்றால் 'பி' வினையை, அதாவது இஸ், வாஸ், வேர் குடும்பத்தைக் கூப்பிட வேண்டும். 'தி சாம்பிள்ஸ் வேர் சென்ட் எஸ்டர்டே'. எஸ்டர்டே என்று நாளைக் குறித்துவிட்டதால் 'ஹேவ்' அங்கே ஆகாது. நாளைச் சொல்லாவிட்டால் 'ஹேவ் பீன் சென்ட்' என்று எழுதலாம். அந்த 'பீன்' விடுபடுவதுதான் நம் வட்டார ஏற்றுமதி மெயில்களின் பொது வியாதி என்பது என் சந்தேகம்.

கோ, வென்ட், கான் மாதிரியான ஒழுங்கில்லாத வினைகளுக்கு மட்டும் மனப்பாடம்தான், குறுக்குவழி கிடையாது. 'வென்ட்' என்பது உண்மையில் வேறொரு வினையின் இறந்தகாலம், 'கோ' அதை எடுத்து வைத்துக்கொண்டது. ஆம், இஸ், வாஸ், பி எல்லாம் ஒரே வினை என்கிறார்கள், அதுவும் பல வேர்களிலிருந்து வந்து ஒட்டியதுதான். அதிகமாகப் புழங்குகிற வினைகளே அதிகமாகக் கோணலாக இருக்கின்றன, தினமும் காதில் விழுவதால் கோணலாகவே நினைவில் நின்றுவிட்டன.

வீட்டுப்பாடம் என்று நான் கொடுப்பது ஒன்றுதான். ஆங்கிலப் பேப்பரில் ஒரு செய்தியை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் முற்றைக் கண்டுபிடித்து வட்டம் போடச் சொல்வேன். லாட்ஜ் தம்பி தலைப்பிலிருந்தே ஆரம்பித்து, 'டூ ஹெல்ட் இன் காட்பாடி' (காட்பாடியில் இரண்டு பேர் பிடிபட்டார்கள்) என்பதில் 'ஹெல்ட்' மேல் வட்டம் போட்டுக் கொண்டுவந்தார். தலைப்புகளில் இடம் மிச்சம் பிடிக்க 'வேர்' மாதிரியானவற்றை வெட்டிவிடுவார்கள், அங்கே இருந்த முற்றே அதுதான், 'ஹெல்ட்' வெறும் எச்சம். 'மினிஸ்டர் டு விசிட் வேலூர்' என்பதிலும் முற்று கிடையாது. நேற்று நடந்ததை நிகழ்காலத்தில் வேறு போடுவார்கள். அதனால் தலைப்பைத் தொடாதீர்கள், செய்தியின் முதல் வரியிலிருந்து வட்டம் போடுங்கள்.